அடிக்காமல் நாய் பழக்குவது: மலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய் 11 வருடமாக நாய் பழக்கிக் கொடுக்கிறேன். எஸ்டேட் பங்களா லாப்ரடார், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு நாட்டு நாய், படுகர் ஊரான ஹட்டியில் கோழிக்குக் காவல் கிடக்கும் கிழ நாய் என்று எல்லா வகையும் கையில் வந்துபோயிருக்கின்றன. நாய்கள்தான் வேறு வேறு, கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தையில் காய் வாங்கும்போது நிறுத்திக் கேட்கிறார்கள், மினி பஸ்ஸில் கேட்கிறார்கள், ராத்திரி 9 மணிக்குப் போனில் கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

பரிசு கொடுத்துப் பழக்குவது என்றால் என்ன அக்கா?

நாய் ஒரு காரியம் செய்கிறது. செய்த கையோடு அதற்குப் பிடித்தது ஏதோ கிடைக்கிறது. மறுநாளும் அதையே செய்து பார்க்கிறது. இவ்வளவுதான் விஷயம். பலன் தருவதை நாய் திரும்பத் திரும்பச் செய்யும், பலன் தராததை மெல்ல விட்டுவிடும்.

இது புதுசாக வந்த ஃபேஷன் இல்லை. 1898-லேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூண்டுப் பெட்டியில் விட்டு, எந்த அசைவில் கதவு திறந்ததோ அந்த அசைவைப் பூனை வரவரச் சீக்கிரமாகச் செய்வதைக் கவனித்து எழுதினார். பிறகு பி. எஃப். ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்து அதையே நுணுக்கமாக ஆராய்ந்தார். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது டால்ஃபின் கதைதான். 1960-களில் ஹவாய்த் தீவில் கேரன் பிரையர் டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினுக்குச் செயின் மாட்ட முடியாது. கை ஓங்கினால் தண்ணீருக்குள் போய்விடும், அப்புறம் நீங்கள் கரையில் தனியாக நிற்க வேண்டியதுதான். கையில் இருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும். சரியாகச் செய்த நொடியில் விசில், உடனே மீன். அதை வைத்தே வேலை நடந்தது. அவ்வளவு பெரிய பிராணியை அடிக்காமல் பழக்க முடியுமென்றால், நம் வாசலில் படுத்திருக்கும் மணியை ஏன் முடியாது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாயைப் பழக்க உங்களுக்கு நேரமே இல்லை என்று நினைக்கலாம். நீங்கள் தினமும் பழக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது நாய் முழங்காலைப் பிராண்டுகிறது, தொந்தரவு தாங்காமல் அரை வர்க்கி பிஸ்கட்டைப் பிய்த்துப் போடுகிறீர்கள். முழங்காலைப் பிராண்டினால் வர்க்கி வரும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தாயிற்று.

இது லஞ்சம் கொடுப்பது மாதிரி இல்லையா? பிஸ்கட் இல்லாத நாளில் பேச்சைக் கேட்காதே?

பிஸ்கட்டை முதலில் காட்டி, “வா, வா, இந்தா பார்” என்று ஆசை காட்டினால் அது லஞ்சம். நாய் முதலில் உங்கள் கையைப் பார்க்கும். கை காலியாக இருந்தால் திரும்பிப் போய்விடும். இப்படிப் பழகிய நாய்களைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது.

நான் சொல்வது கூலி. கொழுந்து பறித்து எடை போட்ட பிறகுதானே கணக்கு எழுதுகிறார்கள்? அதே மாதிரி, தீனி பாக்கெட்டிலோ அலமாரியிலோ கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நாய் செய்து முடித்த பிறகே கை உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு தடவையும் கொடுங்கள். காரியம் நன்றாகப் படிந்த பிறகு, மூன்றுக்கு ஒரு தடவை, ஐந்துக்கு ஒரு தடவை என்று முன்பின்னாக்குங்கள். எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு நாய் இன்னும் உற்சாகமாக உழைக்கும். தீனி கொடுக்காத சமயத்தில் கழுத்தடியில் ஒரு தடவல், பந்து, கேட்டைத் திறந்துவிடுவது, இவையும் கூலிதான். “உட்கார்” என்றதும் உட்கார்ந்தால் கதவு திறக்கும் என்பதைவிட நாய்க்கு வேறு நல்ல பரிசு உண்டா?

“அடியாத மாடு படியாது” என்று எங்கள் அப்பா சொல்வார். அடித்தால் ஒரே நாளில் அடங்குகிறதே?

அடங்குகிறது, உண்மை. ஆனால் அது எதைக் கற்றுக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போது செய்யக் கூடாது என்று கற்றுக்கொண்டது. உங்கள் கை உயர்ந்தால் ஒதுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது. என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. செருப்பைக் கடித்ததற்கு அடி வாங்கிய நாய், யாரும் பார்க்காத இடத்துக்குச் செருப்பைக் கொண்டுபோய்க் கடிக்கும்.

அடி வாங்கிய நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்களோ அவர்கள்மேலும் பயம் ஒட்டிக்கொள்ளும். குழந்தை பக்கத்தில் வந்தபோது உறுமியதற்காக அடித்தால், குழந்தை வந்தாலே அடி விழும் என்றுதான் நாய் கணக்குப் போடும். அமெரிக்காவில் விலங்கு நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் சங்கம், எந்த நாய்க்கும் எந்தப் பிரச்சினைக்கும் பரிசு முறையே போதும், ஷாக் பெல்ட்டும் முள் செயினும் வேண்டாம் என்று 2021-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி, பிராணியை அடித்து வேதனைப்படுத்துவதும், குட்டைச் செயினில் மணிக்கணக்காகக் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்க விடாமல் வைத்திருப்பதும் குற்றம்.

நாய் ஓநாய் வம்சம், நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும், அதைக் குப்புறத் தள்ளி அமுக்க வேண்டும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். முகத்தில் கடி வாங்குவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. இந்தத் “தலைவன்” பேச்சு, 1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்தால் சண்டை போடாமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தை 1970-ல் தன் புத்தகத்தில் எழுதிப் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களை வருடக்கணக்காகக் கவனித்த பிறகு, 1999-ல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள். ஒரு குடும்பம், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு என்னவெல்லாம் வேண்டும்?

பட்டாணி அளவுக்கு நறுக்கிய தீனி கொஞ்சம், ஒரு குறிச்சொல், ஐந்து நிமிடம்.

குறிச்சொல் என்பது “இதோ இதைத்தான் சொன்னேன்” என்று நாய்க்குக் காட்டும் சத்தம். நாய் உட்கார்ந்த நொடியில் அந்தச் சத்தம் வர வேண்டும், அடுத்த நொடியில் தீனி. இரண்டு மூன்று விநாடி தாமதமானாலும் நாய் அதற்குள் எழுந்திருக்கும், எழுந்ததற்குக் கூலி கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும். கடையில் அழுத்தினால் “டக்” என்று சத்தம் போடும் கிளிக்கர் விற்கிறார்கள், நல்லதுதான். இல்லாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி “டக்” என்று ஒலி எழுப்புங்கள். “சரி” என்ற சொல்லைக் குறிச்சொல்லாக வைக்காதீர்கள். நம் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை “சரி, சரி” என்கிறோம், போனில் பேசும்போதும் சொல்கிறோம். நாய் குழம்பிப் போய்விடும்.

தமிழில் சொல்ல வேண்டுமா, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமா?

எந்த மொழியும் நாய்க்கு ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். பாட்டி “உக்காரு” என்கிறார், பேரன் “சிட்” என்கிறான், அப்பா “டேய், சிட் டவுன் சிட் டவுன்” என்கிறார். நாய் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது அடம் பிடிக்கவில்லை. ஒரு தாளில் சொற்களை எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். கையசைவையும் சேர்த்துப் பழக்கினால் இன்னும் நல்லது. நாய்க்குப் பேச்சைவிட உடம்பசைவு சுலபமாகப் புரியும்.

என்ன தீனி கொடுக்கலாம்? வர்க்கி கொடுக்கலாமா?

வர்க்கி வேண்டாம். மைதாவும் கொழுப்புமாக இருப்பதால் வயிற்றுக்கும் ஆகாது, எடையும் ஏறும். நம் ஊரிலேயே அருமையான தீனி இருக்கிறது, ஊட்டி கேரட். சின்னச் சதுரமாக நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நாய்கள் அதற்கே மயங்கிவிடும். மீதி நாய்களுக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, ஆட்டு ஈரல். ஈரலைக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அதைக் கூப்பிட்டால் வரும் பழக்கத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே சொல்கிறேன். ஒரு நாளைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பரிசுத் தீனி போகக் கூடாது. போனால் சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

நம் மலையில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது சாக்லேட். வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் இல்லாத தெரு இங்கே இல்லை. சீசனில் வரும் குழந்தைகள் அன்பாக நாய்க்கு ஒரு துண்டு நீட்டுவார்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாயின் உடம்பில் சீக்கிரம் கரையாது. வாந்தி, படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகும். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்து அதிகம். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம் ஆகியவையும் கூடாது.

குட்டியை எந்த வயதில் பழக்கத் தொடங்குவது? தடுப்பூசி முடிந்த பிறகா?

வீட்டுக்கு வந்த அன்றைக்கே தொடங்கலாம். பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும் குட்டியின் மனசு திறந்த கதவு மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் பார்த்ததெல்லாம் “இது உலகத்தில் சகஜம்” என்று பதிந்துவிடும். பார்க்காதது பிற்பாடு பயமாக மாறும். தடுப்பூசி வரிசை முடிய 16 வாரம் ஆகிவிடும். அதுவரைக்கும் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் அந்தக் கதவு மூடிப் போயிருக்கும். தரையில் விட்டால் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் என்ற பயமும் நியாயமானதே.

அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். சால்வைக்குள் வைத்துக்கொண்டு கடைவீதி வரைக்கும் ஒரு நடை. குரங்குக் குல்லா போட்ட தாத்தா, பெரிய கறுப்புக் குடை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கூடையோடு இறங்கி வரும் கொழுந்து பறிக்கும் பெண்கள், ஜீப், இலை ஏற்றும் டிராக்டர், தகரக் கூரையில் மழைச் சத்தம். ஒவ்வொன்றையும் பார்த்ததும் ஒரு துண்டு கேரட். மழைக்காலத்தில் வாங்கிய குட்டிகள் விஷயத்தில் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் யாரும் வெளியே தலை காட்டுவதில்லை. அந்த இரண்டு மாதம் நாலு சுவரை மட்டும் பார்த்து வளர்ந்த குட்டி, வெயில் வந்ததும் குடை பிடித்த ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைக்கும். அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் இனத்துக்கு இது ஒத்துவருமா?

கற்றுக்கொள்ளும் விதம் எல்லா இனத்துக்கும் ஒன்றே. கூலியாக எதைக் கேட்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

லாப்ரடாருக்குச் சாப்பாடு. அதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை உண்டு என்று 2016-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். பழக்குவது சுலபம், எடையைக் காப்பதுதான் கஷ்டம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டப் பிறந்தவை. அவற்றுக்குக் கேரட்டைவிட, கயிற்றில் கட்டி இழுக்கும் துணி பொம்மையைத் துரத்த விடுவது பெரிய பரிசு. மெல்லிய தோல் என்பதால் இந்தக் குளிரில் நடுங்கும். நடுங்கும் நாய் கற்றுக்கொள்ளாது, ஒரு ஸ்வெட்டர் போட்ட பிறகு பாடத்தை ஆரம்பியுங்கள். ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், முதலில் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. “சொன்ன பேச்சு கேட்காது” என்று பெயரெடுத்து, அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டிக்குக் காதே கேட்கவில்லை என்று கண்டுபிடித்த நாளை என்னால் மறக்க முடியாது. அதற்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதுதான் குறிச்சொல். ராத்திரியில் டார்ச்சை ஒரு தடவை சிமிட்டினால் ஓடி வரும்.

நாட்டு நாய் எச்சரிக்கையானது. முதல் நாள் கையிலிருந்து வாங்காது, தரையில் வைத்துவிட்டு நகர வேண்டும். ஒரு தடவை நம்பிவிட்டால் அதைப் போலக் கற்றுக்கொள்ளும் நாய் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள். சமவெளியில் கூப்பிட்டால் வராத நாய் ஒரு தொல்லை. இங்கே அது உயிர் விஷயம்.

என் முதல் நாயின் பெயர் பாண்டி. பழுப்பு நிற நாட்டு நாய், வலது காது பாதி மடிந்திருக்கும். ஒரு நாள் மலையணிலைத் துரத்திக்கொண்டு சோலைக்குள் ஓடிவிட்டான். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் அட்டையோடு, வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றான். இருந்த பயத்திலும் கோபத்திலும் குடைக்காம்பால் இரண்டு அடி அடித்தேன். ஓடியதற்காக அடித்ததாக நான் நினைத்தேன். அவன் கணக்கில், வந்ததற்காக வாங்கிய அடி. அதற்குப் பிறகு கூப்பிட்டால் வருவான், ஆனால் பத்தடி தள்ளி நின்று என் கையைப் பார்ப்பான். ஜனவரி மாதம் ஒரு நாள், பொழுது சாயும் நேரம், வேலிக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான், நகரவில்லை. டார்ச் எடுக்க உள்ளே போய் வந்தேன், ஆளைக் காணோம். காலையில் தேயிலைச் செடிக்கடியில் அவன் பெல்ட் கிடந்தது. சிறுத்தை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பழைய “வா” எத்தனையோ தடவை வீணாகியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். புதிய சத்தம் ஒன்று வேண்டும். நான் விசில் வைத்திருக்கிறேன், இரண்டு குட்டை ஊதல். மூடுபனியில் ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் காதில் விழும். குரல் மாதிரி அதில் கோபமும் தெரியாது.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். நாய் பக்கத்தில் சும்மா இருக்கும்போதே ஊதுங்கள், ஈரல் கொடுங்கள். அது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை. விசில் கேட்டதும் தலையை வெடுக்கென்று திருப்பினால் அடுத்த அறையிலிருந்து ஊதுங்கள். அப்புறம் வாசலிலிருந்து. அப்புறம் வெளியே, பத்து மீட்டர் நைலான் கயிறு கட்டிக்கொண்டு. கயிறு இழுப்பதற்கு இல்லை, ஓடிவிடாமல் இருக்க மட்டும். கழுத்து பெல்ட்டில் கட்டாமல் நெஞ்சுப் பட்டையில் கட்டுங்கள். வந்ததும் ஒரே துண்டோடு நிறுத்தாமல் ஐந்தாறு துண்டு, ஒவ்வொன்றாக, புகழ்ந்துகொண்டே கொடுங்கள். கொடுத்துவிட்டு “போ” என்று மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திருப்பி அனுப்ப வேண்டும். கூப்பிட்டாலே கட்டிப்போடுவார்கள், குளிப்பாட்டுவார்கள் என்று ஆகிவிட்டால் யார்தான் வருவார்? குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்கள் நடந்துபோய் அழைத்து வாருங்கள்.

வராது என்று தோன்றும் இடத்தில் விசில் ஊதாதீர்கள். ஊதி வராமல் போகும் ஒவ்வொரு தடவையும் அதன் மதிப்பு குறையும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், எதைத் தின்றுவிட்டு வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. என் வீட்டில் இப்போது இருக்கும் இரண்டு நாய்களும் விசிலுக்கு வரும். இருந்தாலும் ஐந்தரை மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை, ராத்திரி வீட்டுக்குள்தான் தூங்கும். கதவு செய்ய வேண்டிய வேலையைப் பழக்கத்திடம் விட்டுவிடக் கூடாது.

காட்டெருமையைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு ஓடுகிறது.

நன்றாக வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் எடை வரும். நாய் குரைக்கும், அது துரத்தும், நாய் எங்கே ஓடும்? உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே காட்டெருமையும் வரும். கரடியும் இப்படித்தான். ஆகவே தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நாயைக் கயிறில்லாமல் விடவே விடாதீர்கள், எவ்வளவு பழகிய நாயானாலும்.

பழக்கம் என்று பார்த்தால், நிஜக் காட்டெருமையை வைத்து ஒத்திகை பார்க்கக் கூடாது. மேய்ந்துகொண்டிருக்கும் வீட்டு மாட்டை வைத்துச் செய்யுங்கள். நாய் மாட்டைப் பார்க்கும், ஆனால் குரைக்காது என்ற தூரத்தில் நில்லுங்கள். ஐம்பது மீட்டர் வேண்டுமானால் ஐம்பது மீட்டர். மாட்டைப் பார்த்ததும் “டக்”, தீனி. பத்து நாளில் மாட்டைப் பார்த்தவுடன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போது கொஞ்சம் நெருங்கலாம்.

கடமானையோ வேறு எதையோ துரத்திக் காட்டுக்குள் போகும் நாயால் காட்டுக்கும் கெடுதல். வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிலிருந்து செந்நாய்க்குத் தொற்றும். வருடாந்தரத் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள்.

விருந்தாளிகள் மேல் தாவுகிறது.

முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் “டக்”, தீனியைத் தரையில் போடுங்கள். தள்ளிவிடுவதும் கத்துவதும் அதற்கு விளையாட்டாகத்தான் தெரியும்.

கயிற்றை இழுத்துக்கொண்டே போகிறது.

இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் போக வேண்டிய இடம் வரும் என்பதுதான் இதுவரை அதற்குக் கிடைத்த கூலி. முதல் நாள் கேட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவிலேயே அரை மணி போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் 30 கிலோ நாய் ஒரு இழுப்பு இழுத்தால் வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள், அதனால் சமதரையில் பழக்கிய பிறகே படிக்கட்டுக்குப் போங்கள். நெஞ்சுக்கு முன்னால் கொக்கி இருக்கும் பட்டை நல்லது.

இடிக்கும் வெடிக்கும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. சமாதானப்படுத்தினால் பயம் அதிகமாகுமா?

ஆகாது. பயம் என்பது உணர்ச்சி, தந்திரம் இல்லை. பக்கத்தில் உட்காருங்கள், தடவினால் பிடிக்குமென்றால் தடவுங்கள். ஒளிந்த இடத்திலிருந்து இழுக்காதீர்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஈரல் துண்டு விழட்டும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே போனில் வெடிச்சத்தத்தை மிகமிக மெதுவாக வைத்து, சாப்பாட்டு நேரத்தில் கேட்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ரொம்ப நடுங்கும் நாய்க்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது. திட்டலாமா?

உறுமல் நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். தட்டைப் பிடுங்காதீர்கள். நாய் சாப்பிடும்போது தள்ளி நின்று, தட்டிலிருப்பதைவிட நல்லதாக ஒரு துண்டை எறிந்துவிட்டுப் போங்கள். நாளுக்கு நாள் ஓரடி கிட்டே. ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். குழந்தைகளை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே கூடாது. ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களாகச் செய்யாமல் நாய் பழக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

கடி பட்டால், வீட்டு நாயோ தெரு நாயோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியதே வெறிநாய்க்கடி வைத்தியத்துக்காகத்தான். நூறு வருடத்துக்கும் மேலாக இந்தத் தடுப்பு மருந்தோடு பழகிய மலை இது, இன்னும் ஊசிக்குப் போகாமல் இருந்தால் வேதனையாக இருக்கிறது.

எங்கள் நாய்க்கு 9 வயது. பிறந்ததிலிருந்து எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. இனிமேல் முடியுமா?

முடியும். கிழ நாயிடம் ஒரு வசதி உண்டு, குட்டி மாதிரி நாலு திசையும் பார்க்காது. உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குளிரில் மூட்டு வலி இல்லாத கிழ நாய் குறைவு. ஈரச் சிமென்ட் தரையில் “உட்கார்” என்றால் அது மறுப்பது வலியால். சாக்கு விரித்துக் கேளுங்கள், அல்லது உட்கார்வதையே விட்டுவிட்டு மூக்கால் கையைத் தொடுவதைச் சொல்லிக் கொடுங்கள்.

போன டிசம்பரில் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வீடு. நாயின் பெயர் கறுப்பன், முகவாய் முழுக்க நரைத்துவிட்டது. அவர்களிடம் வருவதற்கு முன்னால் வேறு வீட்டில் இருந்தவன். துடைப்பத்தை எடுத்தால் போதும், சிறுநீர் விட்டுக்கொண்டு மூலைக்குப் போய்விடுவான். “இவனுக்கு ஒண்ணும் வேணாம்மா, துடைப்பத்துக்குப் பயப்படாம இருந்தா போதும்” என்றார் அந்த அக்கா.

முதலில் துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டோம். நான் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையை எடுத்துவிட்டேன். மறுபடி நீட்டினேன். ஐந்தாவது தடவை மூக்கை ஒரு விரற்கடை முன்னால் கொண்டுவந்தான். “டக்”, ஒரு துண்டு முட்டையை அவன் பக்கம் உருட்டினேன். எட்டாவது தடவை ஈர மூக்கு உள்ளங்கையில் பட்டது. அவ்வளவு நேரம் பேசாமல் நின்றிருந்த அக்கா, “நானு?” என்று கேட்டார். அவர் கை கொழுந்து கிள்ளிக் கறை பிடித்துக் கறுத்திருந்தது. அதை நீட்டியதும் கறுப்பன் யோசிக்கவே இல்லை, மூக்கை வைத்துவிட்டான்.

துடைப்பத்தை மறு வாரம்தான் உள்ளே கொண்டுவந்தோம். அதுவும் வாசல் ஓரத்தில், படுக்கவைத்து. அவன் பார்க்கும்போதெல்லாம் முட்டை. தினமும் காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அந்த அக்காவே செய்தார். பிப்ரவரியில் நான் மறுபடி போனபோது துடைப்பம் மூலையில் சாத்தியிருந்தது, கறுப்பனின் சோற்றுத் தட்டு அதிலிருந்து நாலடி தள்ளி இருந்தது. ஒரு தடவை நிமிர்ந்து துடைப்பத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு குனிந்து சாப்பிட்டு முடித்தான். இன்னும் பெருக்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறானாம். அதற்கு இன்னும் சில வாரம் ஆகும்.